வியட்நாம் போர் பலருக்கும் பிடிக்கவில்லை என்றால், அமெரிக்கர்கள் ஏன் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள்?

போர் பிடிக்காவிட்டால் எல்லோரும் ஒன்றுசேர்ந்துதானே எதிர்த்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். சில ஆண்டுகள் ஒஹாயோ மாநிலத்தில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் விளங்கத் தொடங்கியது.

கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறது அந்த இடம். மாணவர்கள் காரை விட்டுவிட்டு வகுப்புக்கு ஓடுகிறார்கள். ஆனால் நான்கு இடங்களில் மட்டும் யாரும் காரை நிறுத்த முடியாதபடி சிறு விளக்குத் தூண்களை நட்டு அடைத்திருக்கிறார்கள். 1970 மே 4 அன்று நான்கு மாணவர்கள் குண்டடிபட்டு விழுந்த இடங்கள் அவை. வருகிறவர்கள் கூழாங்கற்களை வைத்துவிட்டுப் போகிறார்கள். மேட்டில் ஓர் உருக்குச் சிற்பம் நிற்கிறது. அன்று அதன் தகட்டைத் துளைத்துக்கொண்டு போன தோட்டாவின் ஓட்டையை அடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். சுண்டுவிரல் நுனியை அதில் வைத்துப் பார்த்தேன். உடனே எடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 30 அன்று அதிபர் நிக்சன், அமெரிக்கப் படை கம்போடியாவுக்குள்ளும் நுழைகிறது என்று அறிவித்தார். போரை முடிப்பார் என்று நம்பியிருந்த மாணவர்கள் நாடெங்கும் கொந்தளித்தார்கள். கென்ட்டில் ராணுவப் பயிற்சிக் கட்டடம் ஒன்று எரிக்கப்பட்டது. மாநில ஆளுநரின் கட்டளையில் இயங்கும் துணை ராணுவமான நேஷனல் கார்டு படை வந்து இறங்கியது. மே 4 நண்பகலில் அந்த மேட்டிலிருந்து 13 விநாடிகளில் 60க்கும் மேற்பட்ட தோட்டாக்கள் பாய்ந்தன. நான்கு பேர் இறந்தார்கள், ஒன்பது பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் மிக அருகே நின்றவரே சுமார் 80 மீட்டர் தள்ளித்தான் இருந்தார். இரண்டு பேர் போராட்டத்திலேயே இல்லை. ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கு நடந்துகொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு காலப் (Gallup) என்ற நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில், தவறு யாருடையது என்ற கேள்விக்கு 58 சதவீதம் பேர் மாணவர்கள் மீது பழி போட்டார்கள். படை மீது பழி சொன்னவர்கள் 11 சதவீதம்தான். இதை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். ஏனென்றால் அதே நாட்டில் போருக்கு எதிரான எண்ணம் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டிருந்தது. வியட்நாமுக்குப் படையை அனுப்பியது தவறு என்று 1965 ஆகஸ்டில் சொன்னவர்கள் 24 சதவீதம். 1971 மே மாதம் 61 சதவீதம். போரும் வேண்டாம், போர் வேண்டாம் என்று சொல்கிறவனும் வேண்டாம் என்று ஒரே மனிதர் எப்படி நினைக்க முடியும்?

என்னோடு வேலை பார்த்த பெரியவர் ஒருவர்தான் இதை எனக்கு விளக்கினார். அவர் அந்த ஆண்டு கென்ட்டில் மாணவர். அப்பா பக்கத்து ஊரான ஆக்ரனில் டயர் ஆலைத் தொழிலாளி. அண்ணன் பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டு ஆலைக்குப் போனவர். கட்டாய ராணுவ சேவைக்கு அழைப்பு வந்து அப்போது வியட்நாமில் இருந்தார். சுட்ட அன்றே பல்கலைக்கழகத்தை மூடி, எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிட்டார்கள். இவர் எப்படியோ வண்டி பிடித்து வீடு போய்ச் சேர்ந்தார். கதவைத் திறந்த அப்பா, அடி ஏதும் பட்டதா என்று கேட்கவில்லை. "நீயும் அங்கே நின்றாயா?" என்று கேட்டார். ஆமாம் என்றதும், "உன் கையில் ஒரு காகிதம் இருக்கிறது. உன் அண்ணன் கையில் அது இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லையாம்.

அந்தக் காகிதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. கல்லூரியில் படிப்பவனுக்குப் படிப்பு முடியும்வரை ராணுவ அழைப்பைத் தள்ளிவைத்தார்கள். கல்லூரிக்குப் போக யாரிடம் பணம் இருந்தது? தொழிலாளி மகனும், விவசாயி மகனும், கறுப்பின இளைஞனும் சீருடை போட்டுக்கொண்டு போக, வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வகுப்பறையில் இருந்தான். தன் பிள்ளையைப் போருக்கு அனுப்பிவிட்டு இரவில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு, வெளியே நின்று கொடியை எரிக்கும் மாணவனைப் பார்த்தால் வயிறு எரியாதா? இத்தனைக்கும் அந்த அப்பாவுக்கும் போர் பிடிக்கவில்லை. பொதுவாக நாம் எண்ணிக்கொண்டிருப்பதற்கு நேர்மாறாக, அக்காலக் கணிப்புகள் பலவற்றில் போரை அதிகம் ஆதரித்தவர்கள் இளைஞர்களும் கல்லூரிப் படிப்பு உள்ளவர்களும்தான். முதியவர்களும் குறைவாகப் படித்தவர்களும்தான் அதிகம் எதிர்த்தார்கள். ஊர்வலத்தில் வராததால் அவர்களுடைய எதிர்ப்பு யார் கண்ணிலும் படவில்லை.

கென்ட் சம்பவம் நடந்து நான்காம் நாள், மே 8 அன்று, நியூயார்க்கில் இந்தக் கோபம் தெருவுக்கு வந்தது. இறந்த மாணவர்களுக்காக மேயர் லிண்ட்சே நகர மன்றக் கட்டடத்தில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டிருந்தார். கட்டடத் தொழிலாளர்கள் தலைக்கவசத்தோடு கூட்டமாக வந்தார்கள். அப்போது எழும்பிக்கொண்டிருந்த உலக வர்த்தக மையத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். வால் ஸ்ட்ரீட் அருகே கூடியிருந்த மாணவர்களை அடித்து விரட்டிவிட்டு, கொடியை முழுக் கம்பத்துக்கு ஏற்றச் சொல்லி நின்றார்கள், ஏற்றவும் வைத்தார்கள். எழுபது பேர் அளவில் காயமடைந்தார்கள். அந்த மாதக் கடைசியிலேயே தொழிற்சங்கத் தலைவர் பீட்டர் பிரென்னனை வெள்ளை மாளிகைக்கு அழைத்து நிக்சன் கொண்டாடினார். இந்தப் பிளவு அவருக்கு வேண்டியிருந்தது என்றே நான் நினைக்கிறேன். 1969 நவம்பரிலேயே அவர் தொலைக்காட்சியில் தோன்றி, வாய் திறக்காத பெரும்பான்மையோரே எனக்குத் துணை நில்லுங்கள் என்று கேட்டவர்தானே.

கறுப்பின மக்களின் கசப்பு வேறு வகை. சொந்த ஊரில் கிடைக்காத சுதந்திரத்தை ஆசியாவில் காப்பாற்ற எங்கள் பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்று மார்ட்டின் லூதர் கிங் 1967 ஏப்ரல் 4 அன்று நியூயார்க் தேவாலயத்தில் பேசினார். நண்பர்களாக இருந்த பத்திரிகைகளே அவரைக் கண்டித்து எழுதின. அதே மாதம் குத்துச்சண்டை வீரர் முகமது அலி படையில் சேர மறுத்துப் பட்டத்தை இழந்தார். நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் உச்ச நீதிமன்றம் அவருடைய தண்டனையை ரத்து செய்தது. கென்ட்டுக்குப் பதினோராம் நாள் மிசிசிப்பியில் ஜாக்சன் ஸ்டேட் கல்லூரியில் போலீஸ் சுட்டு இரண்டு கறுப்பின இளைஞர்கள் இறந்தார்கள். அதற்காக நாடு இந்த அளவுக்கு அழவில்லை. இதை எழுதும்போது இன்றும் எனக்கு ஆறவில்லை.

அநியாயம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் அரசு குலுக்கல் முறைக்கு வந்தது. 1969 டிசம்பர் 1 இரவு, ஒரு கண்ணாடி ஜாடியில் 366 நீல நிறக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்த தேதி. முதலில் வரும் தேதியில் பிறந்தவர்களுக்குத்தான் முதல் ராணுவ அழைப்பு. முதலில் வந்தது செப்டம்பர் 14. அந்தத் தேதியில் பிறந்ததே குற்றம் என்பதுபோல் ஒரு தலைமுறை தொலைக்காட்சி முன் உறைந்து உட்கார்ந்திருந்தது. வாக்களிக்கும் வயதோ அப்போது பெரும்பாலான மாநிலங்களில் 21. சாகப் போகலாம், ஓட்டுப் போட முடியாது என்ற நிலை 1971இல்தான் மாறியது.

போராட்டத்தின் பேச்சைக் கடைசியில் சாமானிய வீடுகளும் காது கொடுத்துக் கேட்டதற்கு, திரும்பி வந்த படைவீரர்கள் பெரிய காரணம் என்பேன். 1971 ஏப்ரலில் நூற்றுக்கணக்கான வீரர்கள் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் வரிசையாக வந்து, தாங்கள் பெற்ற பதக்கங்களைப் படிகளை நோக்கி வீசினார்கள். இவர்களைப் பார்த்து, காகிதம் வைத்துக்கொண்டு தப்பித்தவன் என்று யார் சொல்ல முடியும்?

கென்ட்டில் சரிவு ஒன்று முழுக்க 58,175 டேஃபடில் பூச்செடிக் கிழங்குகளை நட்டிருக்கிறார்கள், இறந்த அமெரிக்க வீரர்களுக்கு ஆளுக்கு ஒன்றாக. நான் போனபோது ஏப்ரல், மஞ்சளாகப் பூத்திருந்தது. இறந்துபோன வியட்நாமியர்கள் பல லட்சம் பேர். அவர்களுக்கும் நடுவதென்றால் அந்தச் சரிவு போதாது.

என் நண்பரின் அண்ணன் உயிரோடு திரும்பினார். மே 3 நள்ளிரவில் தொடங்கும் மெழுகுவத்தி அஞ்சலிக்குத் தம்பியை வற்புறுத்தி அழைத்துப்போனதே அவர்தான். முதல் முறை போனபோது அப்பாவையும் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை. ஆனால் பிள்ளைகள் விடியற்காலையில் வீடு திரும்பியபோது, சமையலறையில் விளக்கைப் போட்டுக்கொண்டு காபியோடு காத்திருந்தாராம்.