பதில்: 30,000 பேருக்கு எவ்வளவு கொள்ளளவு?

உங்கள் பேரூராட்சிக் குடிநீர்த் திட்டத்தை எவ்வளவு கொள்ளளவுக்குக் கட்டுவது என்று கேட்டிருந்தீர்கள். இன்று 20,000 பேர், 15 ஆண்டில் 30,000 ஆகலாம் என்கிறீர்கள். சரி, முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: பாதாளச் சாக்கடை வருமா? மத்திய அரசின் 1999 குடிநீர்க் கையேட்டின்படி, சாக்கடை இல்லாவிட்டால் தலைக்குத் தினம் 70 லிட்டர். இருந்தாலோ திட்டமிட்டிருந்தாலோ 135. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

135 என்றால் தினம் 40.5 லட்சம் லிட்டர். கசிவுக்கு 15 சதவீதம் விட்டால் 47-48 லட்சம். (பழைய குழாய்களில் கசிவு இதைவிட அதிகமாகவே இருக்கும், அளந்து பாருங்கள்.) கழிவுநீர், வீடுகளுக்கு வழங்கும் 40.5 லட்சத்தில் 80 சதவீதம், அதாவது சுமார் 32 லட்சம்.

குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை 15 ஆண்டுத் தேவைக்குக் கட்டினால் போதும். தெருவில் புதைக்கும் குழாயை மட்டும் 30 ஆண்டுத் தேவைக்குப் போடுங்கள். சாலையை மறுபடி தோண்ட யார் விடுவார்கள்? அப்புறம், கோடையில் உங்கள் நீராதாரம் இவ்வளவு தண்ணீர் தருமா?