டிவியைப் பார்த்துக் குரைக்கும் மணி

கேள்வி: டாக்டர், பழைய பெட்டி டிவி இருந்தவரை எங்கள் மணி அதைத் திரும்பியே பார்த்ததில்லை. புது எல்.இ.டி. டிவி வந்ததிலிருந்து ஜல்லிக்கட்டு ஓடினால் போதும், திரைமேல் பாய்கிறான். கண் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
- மன்னார்குடி வாசகி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா, கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. பழைய பெட்டியில் படம் நொடிக்கு 50 தடவை மினுக்கும். நமக்கு அது தெரியாது. நாயின் கண்ணோ நொடிக்கு 70 மினுக்கலைக்கூடப் பிரித்துப் பார்க்கும். மணிக்கு அது வெறும் துடிக்கும் வெளிச்சமாகத்தான் இருந்திருக்கும். புதுத் திரையில் அந்தத் துடிப்பு தெரிவதில்லை. காளை காளையாகவே ஓடுகிறது. நிறம் மட்டும் வேறு. நீலமும் மஞ்சளும் துலங்கும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது கஷ்டம்.

திருவையாற்றில் எங்கள் வீட்டுக் கருப்பி, டிவியில் நாய் குரைத்தால் காதை நிமிர்த்திக்கொண்டு நேரே டிவிக்குப் பின்னால் போவாள். சுவரோரம், ஒயர் இடுக்கு எல்லாம் முகர்வாள். வாசனை இல்லாத நாயை அவளால் நம்ப முடிவதில்லை. ஒரு தும்மல் போட்டுவிட்டுத் திண்ணைக்குப் போய்ப் படுத்துவிடுவாள். அந்த ஏமாந்த முகத்தைப் பார்த்தால் எனக்கு மனசு கரைந்துவிடும்.

மணியை அதட்ட வேண்டாம். சத்தத்தைக் குறையுங்கள், நாய்க்குக் காது நம்மைவிடக் கூர்மை. வாலை இடுக்கிக்கொண்டு மூச்சிரைத்தால் மட்டும் டிவியை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கொல்லைப்பக்கம் அழைத்துப் போங்கள்.