தன் உடம்பையே தாக்கும் பி கலங்களை (கிருமிகளுக்கு எதிரான பிறபொருளெதிரிகளைச் செய்யும் வெண்குருதிக் கலங்கள்) உடம்பு ஏன் முன்கூட்டியே அழித்துவிடுவதில்லை?

அழிக்கிறது. ஆனால் நாங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் டியூஷன் எடுக்கிறேன். இப்படியான கலங்கள் என்பு மச்சையிலேயே அழிக்கப்படும் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகிற ஆளாகத்தான் நானும் இருந்தேன். பிறகு அக்காவுக்கு லூபஸ் என்றார்கள், உடம்பின் நோயெதிர்ப்பே சொந்த உடம்பைத் தாக்கும் நோய். "அப்ப என்ர உடம்பில மட்டும் அதுகள் ஏன் சாகேல்லை? நீ படிப்பிக்கிறனிதானே, சொல்லு" என்று அவ கேட்டபோதுதான் ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன்.

பி கலம் கிருமியை அடையாளம் காண்பது அதன் மேற்பரப்பில் உள்ள வாங்கி என்ற புரதத்தால். அந்த வாங்கி, மரபணுத் துண்டுகளைக் கண்டபடி பொருத்தித்தான் உருவாகிறது. எந்தக் கிருமி வந்தாலும் ஏதாவது ஒரு கலத்தின் வாங்கியாவது அதற்குப் பொருந்த வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அப்படிக் கண்மூடித்தனமாகப் பொருத்தினால் நிறைய சொந்த உடம்புக்கே பொருந்திவிடும். மனித என்பு மச்சையில் ஆரம்பநிலைப் பி கலங்களில் 55 முதல் 75 சதவீதம் வரை இப்படிப்பட்டவை என்று 2003இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எல்லாவற்றையும் கொன்றால் மிஞ்சுவது சொற்பம். அதனால் உடம்பு முதலில் திருத்தப் பார்க்கிறது. வாங்கியின் பாரச் சங்கிலியை அப்படியே விட்டு, இலேசான சங்கிலியை மட்டும் மாற்றிப் பொருத்துகிறது. சட்டையின் உடல்பகுதி சரி, கைதான் பிசகு என்றால் தையல்காரர் சட்டையை எறியமாட்டார், கையைப் பிரித்து வேறு துணியில் தைப்பார், அந்த மாதிரி. அப்படியும் சரிவராவிட்டால்தான் கலம் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது.

சொந்தப் பொருளோடு இலேசாக மட்டும் ஒட்டுகிறவை சாவதும் இல்லை, மந்தமாகி வெளியே வந்துவிடும். நல்ல சுகதேகியின் குருதியில் புதிதாய் முதிர்ந்த பி கலங்களில்கூட ஐந்தில் ஒன்று அளவில் சொந்த உடம்பை அடையாளம் காணக்கூடியவைதான். பி கலத்தைத் தூண்டிவிடும் இன்னொரு நோயெதிர்ப்புக் கலமான ரி கலம் கைகொடுக்காதபடியால் அவை சும்மா கிடக்கும். பாஃப் என்ற புரதம் இல்லாமல் பி கலம் பிழைக்காது, அதற்கான போட்டியில் இந்த மந்தமானவை தோற்று நாலைந்து நாளில் செத்தும் போகும்.

லூபஸில் ஒரு கதவு மட்டும் உடைவதில்லை. பாஃப் கூடினால் சாகவேண்டியவை தப்பிவிடும் (2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெலிமுமாப் மருந்து தடுப்பது இதைத்தான்). செத்த கலங்களின் குப்பை ஒழுங்காக அள்ளப்படாவிட்டால் வெளியே கிடக்கும் டிஎன்ஏயையும் ஆர்என்ஏயையும் பி கலம் விழுங்கி, உள்ளே இருக்கும் டிஎல்ஆர்7, டிஎல்ஆர்9 உணரிகள் தூண்டப்பட்டு விழித்துக்கொள்ளும். வைரஸ் வந்ததென்று நினைக்கிற குழப்பம். டிஎல்ஆர்7இன் மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பது, நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்களாக இருப்பதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

ஜெர்மனியின் எர்லாங்கனில் 2021இலிருந்து வேறு வழி பார்க்கிறார்கள். நோயாளியின் ரி கலங்களை எடுத்து, பி கலங்களைக் கொல்லும்படி மாற்றித் திரும்ப ஏற்றுகிறார்கள். முதல் ஐந்து பேரிலும் நோய் அடங்கியது, சில மாதங்களில் புதிதாய் வந்த பி கலங்கள் பழைய குழப்படியைத் தொடங்கவில்லை. அக்காவுக்குச் சொன்னேன். "இஞ்ச எப்ப வரும்?" என்றா. இப்போதைக்கு அவவுக்கு ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின்தான். அந்த டிஎல்ஆர் கூச்சலைக் குறைக்கிற குளிசை அது, சுகம் என்று நினைத்து இடையில் நிறுத்தக்கூடாது. அவ ஒருதரம் நிறுத்திப் பார்த்தவ.