மெட்ரோவில் கூட்டம் இருந்தால் ஷேரில் லாபம் வருமா?

கேள்வி: அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் 31 வருடம் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். பணப்பலன்கள் இப்போதுதான் கைக்கு வந்தன. மாப்பிள்ளை மும்பை அந்தேரியில் வேலை பார்க்கிறார். தினமும் மெட்ரோவில்தான் போகிறார், காலையில் ஏறவே இடமில்லையாம். 'அதை நடத்துகிற கம்பெனியின் ஷேர் அடிமட்ட விலையில் கிடைக்கிறது மாமா, 5 லட்சத்துக்கு வாங்கிப் போடுங்கள்' என்கிறார். பஸ், ரயில் எல்லாம் எனக்குத் தெரிந்த தொழில்தானே என்று எனக்கும் ஆசையாக இருக்கிறது. வாங்கலாமா?
வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: ஐயா, 5 லட்சத்தை அதில் போட வேண்டாம். காரணத்தை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்புகிற டவுன் பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள் நிற்பார்கள். ஆனால் 2021 மே மாதத்திலிருந்து அதில் பெண்களுக்குக் கட்டணமில்லா டிக்கெட். அந்தத் தொகையை அரசுதான் கழகத்துக்குத் தர வேண்டும். காசு கொடுத்து ஏறுகிறவர்களுக்கும் 2018 ஜனவரியில் கடைசியாக ஏற்றிய கட்டணம்தான். டீசலும் டயரும் சம்பளமும் 2018 விலையிலா நிற்கின்றன? வண்டி நிறைந்தது என்பது ஒன்று, கலெக்ஷன் வந்தது என்பது வேறொன்று, மிச்சம் நின்றது என்பது இன்னொன்று. டிரிப் ஷீட் எழுதிய கைக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மெட்ரோவிலும் இதேதான், தொகைகள்தான் பெரியவை.

மாப்பிள்ளை போவது வெர்சோவா, அந்தேரி, காட்கோபர் பாதை. 11.4 கிலோமீட்டர், 12 நிலையங்கள், 2014 ஜூன் 8 முதல் ஓடுகிறது. அதை நடத்துவது மும்பை மெட்ரோ ஒன் என்ற தனி நிறுவனம். அதில் 74 சதவீதம் ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் கையில், அதாவது அனில் அம்பானி குழுமத்தில். மாப்பிள்ளை சொல்கிற ஷேர் இந்த ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சருடையதுதான். மீதி 26 சதவீதம் மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையத்திடம். கூட்டத்தைப் பற்றி மாப்பிள்ளை சொல்வதில் தப்பே இல்லை, நாட்டிலேயே நெருக்கடியான பாதைகளில் அது ஒன்று. ஆனால் ஆரம்பத்தில் 2,356 கோடி ரூபாய் என்று போட்ட மதிப்பீடு கட்டி முடித்தபோது 4,321 கோடி ஆகிவிட்டது என்று கம்பெனி சொன்னது, ஆணையம் அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தப்படி டிக்கெட் 9 ரூபாயிலிருந்து 13 ரூபாய் வரை. கம்பெனி 10 முதல் 40 வரை வைத்தது, வழக்கு நடந்தது. 2015ல் கட்டண நிர்ணயக் குழு 110 ரூபாய் வரை போகலாம் என்றது, அதை நீதிமன்றம் ரத்து செய்தது. இடம் இல்லாமல் ஆள் நிற்கிற ரயிலின் கடனுக்காக வங்கிகள் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் வரை போயின, பிறகுதான் சமரசம் ஆனது. 2024ல் மகாராஷ்டிர அமைச்சரவை அந்த 74 சதவீதத்தை 4,000 கோடிக்கு வாங்கிக்கொள்ள ஒப்புதல் தந்து, அப்புறம் அந்த முடிவைக் கைவிட்டது. அதை நம்பி அப்போது ஷேர் வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள்.

டெல்லிக் கதை இன்னும் கனமானது, அதை முழுதாகச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும். விமான நிலையத்துக்குப் போகிற எக்ஸ்பிரஸ் பாதை 2011 பிப்ரவரியில் திறந்தது, நடத்தியது இதே குழுமத்தின் இன்னொரு துணை நிறுவனம். 2012 ஜூலையில் பாலத்தில் கோளாறு என்று வண்டிகளை நிறுத்தினார்கள், அக்டோபரில் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாக நோட்டீஸ் கொடுத்தார்கள், 2013 ஜூலையிலிருந்து டெல்லி மெட்ரோவே எடுத்து ஓட்டுகிறது. 2017ல், ஒப்பந்தச் சண்டையைத் தீர்க்க அமைத்த நடுவர் மன்றத்தின் தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாக வந்தது: 2,782 கோடி ரூபாயும் அதற்கு வட்டியும். 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வட்டியோடு ஏறக்குறைய 8,000 கோடி வரும், கடன் எல்லாம் தீரும் என்று எத்தனையோ பேர் அந்த ஒரு வரியை நம்பியே வாங்கினார்கள். 2024 ஏப்ரல் 10 அன்று, சீராய்வு மனுவும் தள்ளுபடியான பிறகு போடுகிற கடைசி மனுவில், அதே உச்ச நீதிமன்றம் தன்னுடைய அந்த 2021 தீர்ப்பையே ரத்து செய்தது. டெல்லி மெட்ரோ அதுவரை கட்டிய தொகையையும் திருப்பித் தரச் சொன்னது. அன்று ஒரே நாளில் ஷேர் 20 சதவீதம் விழுந்தது. கட்டுமானக் கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் 'வர வேண்டிய தொகை' என்று இருப்பதெல்லாம் பணம் இல்லை, ஐயா. அதில் பல வழக்குகள்.

'அடிமட்ட விலை' என்கிற பேச்சுக்கு வருகிறேன். 2008 ஜனவரியில் இந்த ஷேர் 2,000 ரூபாய்க்கு மேல் விற்றது. 2020 மார்ச்சில் 10 ரூபாய்க்குப் பக்கத்தில் கிடந்தது. நடுவில் 1,000 ரூபாய்க்கு வந்தபோதும் 500 ரூபாய்க்கு வந்தபோதும் 100 ரூபாய்க்கு வந்தபோதும் 'இதற்குக் கீழே எங்கே போகப்போகிறது' என்று சொல்லித்தான் ஆட்கள் வாங்கினார்கள். 10 ரூபாயில் வாங்கி நல்ல லாபத்தில் வெளியே வந்தவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்கள் போட்டது ரிட்டயர்மென்ட் பணமாக இருந்திருக்காது.

இன்னொன்று, இந்த ஷேரை வாங்கினால் நீங்கள் மெட்ரோவை மட்டும் வாங்குவதில்லை. துணை நிறுவனங்களையும் சேர்த்துப் போடுகிற ஒருங்கிணைந்த கணக்கில் வருமானத்தின் பெரும்பகுதி டெல்லியில் கரண்ட் விநியோகிக்கிற இரண்டு கம்பெனிகளிலிருந்து வருகிறது, அங்கேயும் கட்டணத்தை முடிவு செய்வது ஒழுங்குமுறை ஆணையம். அப்புறம் சுங்கச் சாலைகள். ஆத்தூருக்குப் போகும்போது மேட்டுப்பட்டியிலும், ஆத்தூரைத் தாண்டினால் நத்தக்கரையிலும் சுங்கம் கட்டுகிறோமே, அந்த சேலம் உளுந்தூர்பேட்டை சாலையும் இந்தக் குழுமத்தின் துணை நிறுவனம் எடுத்துச் செய்ததுதான். அதன் புறவழிகளை இருவழியாகவே விட்டதால் நடந்த விபத்துகளை இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டோம், அது எனக்கு இன்றும் ஆறாத விஷயம். முதலீட்டுக் கணக்குக்கு வந்தால், இப்படிப்பட்ட சாலையோ மெட்ரோவோ கம்பெனிக்குச் சொந்தம் இல்லை, குத்தகை மாதிரிதான். மும்பை மெட்ரோ ஒப்பந்தம் 2007ல் போட்டது, 35 ஆண்டுகள். அதற்குள் கடனையும் அடைத்து, பராமரிப்பும் பார்த்து, லாபமும் எடுத்தாக வேண்டும். வருடம் போகப் போகக் குறைகிற சொத்து அது. அம்மாப்பேட்டையில் வாங்கிப் போடுகிற மனையோடு அதை ஒப்பிடாதீர்கள்.

பலமான கம்பெனி நடத்தினால் சரியாகுமா என்று கேட்பீர்கள். ஹைதராபாத் மெட்ரோவைக் கட்டி நடத்தியது எல் அண்ட் டி. 69 கிலோமீட்டர், 2017 நவம்பரில் தொடங்கியது. 2020ல் கொரோனா வந்து ஐந்து மாதத்துக்கு மேல் ரயிலே ஓடவில்லை, வட்டி மட்டும் ஒரு நாளும் நிற்கவில்லை. கடைசியில் 2025 செப்டம்பரில், 13,000 கோடி அளவுக்கான கடனை ஏற்றுக்கொண்டு பங்குக்கு 2,000 கோடி போலக் கொடுத்து தெலங்கானா அரசே எடுத்துக்கொள்வது என்று பேசி முடித்தார்கள். எல் அண்ட் டி தாங்கியது, அதற்கு மெட்ரோ நூறு தொழிலில் ஒன்று. கடனில் இருக்கிற கம்பெனிக்கு இதே அடி விழுந்தால் நிலைமை வேறு. சென்னை மெட்ரோ ஷேர் கிடைக்குமா என்று சிலர் கேட்கிறார்கள், அது மத்திய, மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம், சந்தையில் இல்லை. அதற்குச் சுரங்கம் தோண்டி, தூண் எழுப்பி, கூலி வாங்கிக்கொண்டு போகிற கம்பெனிகளின் ஷேர்தான் கிடைக்கும். கட்டிக் கொடுத்துவிட்டுப் போவதும், கட்டி 30 வருடம் நடத்துவதும் ஒரே தொழில் கிடையாது.

என் அனுபவம் ஒன்று. 2007ல் ஒரு சாலைக் கம்பெனியின் ஷேரை நானும் வாங்கினேன், பெயர் வேண்டாம். கையில் எவ்வளவு வேலை இருக்கிறது என்று மட்டும் பார்த்தேன், எவ்வளவு கடன் என்று பார்க்கவில்லை. போட்டதில் பத்தில் ஒரு பங்குகூடத் திரும்பவில்லை, அது என் மகள் படிப்புக்கு வைத்திருந்த பணம். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் 60 தாண்டியிருப்பதால் போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 30 லட்சம் வரை போடலாம், 2023 ஏப்ரலிலிருந்து வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் வந்துவிடும். 5 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு 10,250 ரூபாய். முதலில் அதைச் செய்யுங்கள். மாப்பிள்ளை மனம் நோகக் கூடாது என்றால், போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு சிறு தொகையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் போடுவதற்கு முன் மாப்பிள்ளையையே உட்காரவைத்து, ஆண்டறிக்கையில் ஒருங்கிணைந்த கணக்கின் கடன் எவ்வளவு, துணை நிறுவனங்களுக்காகத் தாய்க் கம்பெனி கொடுத்திருக்கிற உத்தரவாதம் எவ்வளவு, கம்பெனியைக் கையில் வைத்திருக்கிற புரமோட்டர்கள் அடகு வைத்த பங்கு எத்தனை சதவீதம் என்று படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் அதையெல்லாம் படித்துவிட்டும் வாங்கலாம் என்றால், அவருடைய பணத்தில் அவர் வாங்கட்டும்.

கேள்வி: சென்னையில் தனியார் எலெக்ட்ரிக் பஸ் ஓட்டுகிறார்களே, அந்த மாதிரிக் கம்பெனியில் போடலாமா?
வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: அது கொஞ்சம் வேறு விதம். 2025 ஜூன் கடைசியில் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் மொத்தம் 625 பஸ்கள், ஓட்டுவது அசோக் லேலண்டின் துணை நிறுவனம். டிக்கெட் பணம் மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு. கம்பெனிக்கு ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தொகை. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் காசு உண்டு என்பது நல்லதுதான். ஆனால் பில்லைக் கழகம் நேரத்துக்குத் தர வேண்டும். நாடு முழுக்க இதுதான் பெரிய கவலை என்பதால்தான் 2024ல் மத்திய அரசு 3,435 கோடியில், கழகம் பில்லைக் கட்டாவிட்டால் கைகொடுக்கிற ஒரு பணப் பாதுகாப்பு ஏற்பாடு செய்தது. ஆகவே கம்பெனியின் கணக்கில் 'வர வேண்டிய பாக்கி' எத்தனை நாளாக நிற்கிறது என்று பாருங்கள், வருடா வருடம் அது நீண்டுகொண்டே போனால் ஒதுங்கிவிடுங்கள்.

கேள்வி: அப்பா காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியில் பி.எஸ்.இ.எஸ். என்ற கம்பெனியின் பழைய பேப்பர் ஷேர்கள் கிடைத்தன. அப்படி ஒரு கம்பெனியே இப்போது இல்லை என்கிறார்கள். தூக்கிப் போட்டுவிடலாமா?
வாசகி, ஏற்காடு

பதில்: போட்டுவிடாதீர்கள் அம்மா! முதல் பதிலில் பேசிய அதே கம்பெனியின் பழைய பெயர்தான் அது. பாம்பே புறநகருக்குக் கரண்ட் கொடுக்க 1929ல் தொடங்கியது, பின்பு ரிலையன்ஸ் எனர்ஜி ஆகி, 2008ல் ரிலையன்ஸ் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஆனது. ஷேர் செல்லும். கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு பத்திரத்தில் இருக்கிற ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் எத்தனை ஷேர், டிவிடெண்ட் (லாபத்தில் வருகிற பங்கு) என்ன ஆனது என்று பதில் வரும். தொடர்ந்து 7 வருடம் டிவிடெண்ட் வாங்காமல் இருந்திருந்தால் ஷேர் அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும், அதையும் ஐ.இ.பி.எஃப்.-5 படிவம் போட்டு மீட்கலாம். இறப்புச் சான்றிதழ், தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ், உங்கள் பான், ஷேரைப் பேப்பர் இல்லாமல் மின்னணுப் பதிவாக வைக்கிற ஒரு டீமேட் கணக்கு, இவ்வளவும் தேவை. புதுப் பேப்பர் தர மாட்டார்கள், ஷேர் டீமேட் கணக்கில்தான் வரும். பாதிக்குப் பாதி கமிஷன் கேட்டு வருகிற ஏஜென்ட் யாரிடமும் மூலப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். இன்றைக்கே எல்லாத் தாளையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, பாலிதீன் உறையில் போட்டு வையுங்கள், ஏற்காட்டு ஈரத்தில் பழைய தாள் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.