ஐயத்தோடு பொறுப்பேற்கலாமா?

கேள்வி: நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பிறந்து வளர்ந்தவன். இப்போது சபைக் கமிட்டியின் செயலாளர். சென்ற ஆண்டு பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் பெற்ற என் தம்பி, குழந்தைப் பருவத்தில் நான் பெற்றது ஞானஸ்நானமே இல்லை என்கிறான். அவன் காட்டும் வசனங்களைப் படித்தபின் எனக்கும் ஐயம் வந்துவிட்டது. இந்நிலையில், எங்கள் ஊர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பங்கோடு சேர்ந்து ஐக்கிய கிறிஸ்துமஸ் விழா நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. புனிதர்களிடம் வேண்டுவதை நான் ஏற்பதில்லை. நான் பொறுப்பேற்பது போலித்தனம் ஆகாதா?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி காட்டிய வசனங்களில் மத்தேயு 28:19 கட்டாயம் இருந்திருக்கும். அதற்கு இரண்டு வசனம் முன்னால், உயிர்த்த இயேசுவை மலையில் கண்டு பணிந்தபோதும் சிலர் சந்தேகப்பட்டதாக மத்தேயு எழுதியிருப்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஞானஸ்நானம் கொடுக்கும்படியான கட்டளை, சந்தேகம் தீர்ந்தவர்களை மட்டும் தனியே அழைத்துச் சொல்லப்படவில்லை. ஆகவே ஐயம் வந்ததற்காக நீங்கள் விலக வேண்டியதில்லை. ஐயமே இல்லாதவர்போல் பேசினால்தான் அது போலித்தனம்.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாகப் புதிய ஏற்பாட்டில் வெளிப்படையாக ஓரிடத்திலும் இல்லை. அந்த அளவில் தம்பி சொல்வது உண்மை. லீதியாளும் பிலிப்பி சிறைச்சாலைக்காரனும் வீட்டாரோடு பெற்றார்கள் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. அவ்வீடுகளில் கைக்குழந்தை இருந்ததா என்பதைச் சொல்லவில்லை. (இரு தரப்பாரும் அங்கே போய்த் தலை எண்ணி வந்தவர்கள்போல வாதிடுவதைக் கேட்டிருக்கிறேன்.) நம் பதிலுக்கு முன்பே கிருபை வந்து நிற்கிறது என்பதைக் காட்டுவதால் நான் குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்கிறேன், என் தரப்பில் ஊகம் கலந்திருப்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் அவசரப்படாமல் படியுங்கள், ஆயரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். தம்பியின் வற்புறுத்தலுக்காகவோ அவனை மடக்குவதற்காகவோ எடுக்கும் முடிவு உங்களுடைய முடிவாக இராது.

ஒத்துழைப்பைப் பொறுத்தவரை, உங்கள் திருச்சபையின் பிறப்பே ஒரு பாடம். வெவ்வேறு சபைகளை ஒன்றாக்க 1919இல் தரங்கம்பாடியில் தொடங்கிய ஐக்கியப் பேச்சு, 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேற 28 ஆண்டுகள் ஆயின. நம் மாவட்டத்தில் இலண்டன் மிஷன் வழிவந்த சபைகளுக்குப் பேராயர் ஆட்சியே பழக்கமில்லை. இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கருக்கோ பேராயர் கைவைத்து அபிஷேகம் பண்ணாத ஊழியரை ஏற்பது பெரிய தயக்கமாக இருந்தது. இறுதியில் அத்தகைய ஊழியர்கள் மறு அபிஷேகம் இன்றியே ஏற்கப்பட்டார்கள். கூடவே, ஒரு சபையின் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஊழியரையோ வழிபாட்டு முறையையோ அதன்மேல் திணிப்பதில்லை என்ற வாக்குறுதியும் எழுதப்பட்டது. எனக்கு அந்த ஐக்கியத்தைவிட அந்த வாக்குறுதிதான் பெரிதாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? உங்கள் ஞானஸ்நானத்தை மறுப்பவன் உடன்பிறந்த தம்பி. ஆனால் நீங்கள் தயங்கும் கத்தோலிக்கத் திருச்சபையோ, தண்ணீரால் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுக்கப்பட்டதைச் செல்லும் என்றே ஏற்கிறது.

எனவே பொறுப்பை ஏற்றுக்கொண்டு, நிகழ்ச்சி நிரல் அச்சுக்குப் போகுமுன் பங்குத்தந்தையைச் சந்தியுங்கள். வேதபாடம், கீதங்கள், ஏழை வீடுகளுக்கான உதவி ஆகியவற்றைச் சேர்ந்து செய்யலாம். நற்கருணையும் புனிதர்களை நோக்கிய மன்றாட்டும் பொது மேடையில் வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லலாம். அவரும், மேடையில் பேசுவோர் மாதா பக்தியைக் குத்திப் பேசக்கூடாது என்று கேட்கக்கூடும். அதற்கு நீங்கள் உத்தரவாதம் தரவேண்டும்.

தம்பியையும் அழையுங்கள். சில பெந்தெகொஸ்தே சபைகளில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வழக்கமே இல்லை. அதனால் வர மறுத்தால், அவனுக்கும் ஒரு மனச்சாட்சி உண்டென்று விட்டுவிட்டு, மறுநாள் குடும்பத்தோடு சாப்பிட வரச் சொல்லுங்கள்.