லாசரஸ் என்ற பெயருக்குத் ‘தொழுநோயாளி’ என்று பொருளா? மகனுக்கு வைக்கலாமா?

தாராளமாக வையுங்கள். பெயருக்கு அந்தப் பொருள் இல்லை. ஆனால் உங்களிடம் அப்படிச் சொன்னவரும் சும்மா கிளப்பிவிடவில்லை. ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் தொழுநோயாளியை இந்தப் பெயரால்தான் அழைத்தார்கள்.

மூலப் பெயர் எபிரேயத்தில் எலெயாசார். ‘கடவுள் உதவினார்’ என்று பொருள். மோசேயின் அண்ணன் ஆரோனுக்குப் பிறகு பிரதான ஆசாரியர் ஆன அவருடைய மகனின் பெயர் அதுதான். அது பேச்சில் தேய்ந்து லாசார் ஆனது. கிரேக்கர்கள் லாசரோஸ் என்றார்கள், லத்தீனில் லாசரஸ், தமிழ் வேதாகமத்தில் லாசரு. இயேசு காலத்து யூதர்களிடையே தெருவுக்கு ஒருவர் இருக்கும் அளவுக்குச் சாதாரணமான பெயர்.

அதனால்தான் புதிய ஏற்பாட்டில் இரண்டு லாசரு வருகிறார்கள். எல்லோருக்கும் தெரிந்தவர் யோவான் 11-ஆம் அதிகாரத்தில் வரும் பெத்தானியா ஊர்க்காரர், மரியாள் மார்த்தாளின் சகோதரர். இறந்து நாலு நாள் ஆனபின் கல்லறையிலிருந்து எழுந்து வந்தவர். அந்த ஊரின் இன்றைய அரபுப் பெயரான அல் எய்சாரியாவும் இவர் பெயரிலிருந்து வந்ததுதான். இன்னொருவர் லூக்கா 16-இல் இயேசு சொன்ன உவமையில் வருகிறார். ஐசுவரியவானின் வாசலில் பருக்கள் நிறைந்த உடம்போடு கிடக்கும் தரித்திரன். நாய்கள் வந்து அவன் புண்ணை நக்கும். அதே உவமையில் வரும் ஆபிரகாமை விட்டால், சுவிசேஷங்களில் வரும் உவமைகளிலேயே பெயர் சொல்லப்பட்ட ஒரே பாத்திரம் இவன்தான். அந்தப் பணக்காரனுக்குக்கூடப் பெயர் கிடையாது.

இரண்டு பேருக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு, வேண்டுமானால் எடுத்துப் படித்துப் பாருங்கள்: இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. செத்துப் பிழைத்து வந்தவர்கூட வாயே திறக்கவில்லை!

சரி, சொற்களுக்கு வருவோம். பழைய சொற்களில் பெரும்பாலானவை பிச்சைக்காரர் கணக்கில்தான் சேர்கின்றன. புண் நிறைந்த உடம்பு என்று உவமை சொன்னதை இடைக்கால ஐரோப்பா தொழுநோய் என்றே எடுத்துக்கொண்டது. ஆங்கிலத்தில் ‘லாசர்’ என்றால் தொழுநோயாளி. 12-ஆம் நூற்றாண்டில் எருசலேமில் தொழுநோயாளிகளுக்காக உருவான துறவற அமைப்புக்குப் புனித லாசரு சபை என்றே பெயர். அப்புறம் வெனிஸ். 1423-இல் அந்த நகரம் கொள்ளைநோய் கண்டவர்களுக்கென்று ஒரு தீவையே ஒதுக்கியது. அங்கே இருந்த தேவாலயம் இயேசுவின் தாயான நாசரேத்து மரியாளுக்கானது. ‘நாசரேத்தோ’ என்ற பேச்சும் லாசரு பெயரும் கலந்து ‘லாசரெத்தோ’ ஆனது என்பார்கள். பிறகு துறைமுகம் துறைமுகமாக, கப்பலில் வந்தவர்களை ஒதுக்கிவைக்கும் இடத்துக்கெல்லாம் அதுவே பெயராகிவிட்டது. ஜெர்மனில் இன்றும் ராணுவ மருத்துவமனை ‘லாசரெட்’. சுவீடனில் சாதாரண மருத்துவமனைக்கே அந்தச் சொல் உண்டு. நேப்பிள்ஸ் நகரத் தெரு ஏழைகளை ‘லாசரோனி’ என்றார்கள். இன்றைய இத்தாலியனில் அது ஏறக்குறைய போக்கிரி என்று திட்டுவதுபோல ஆகிவிட்டது. ஏழையின் பெயர் வசைச் சொல்லாக மாற ரொம்ப நாள் ஆவதில்லை.

எனக்குப் பிடித்தது ஸ்பானிய மொழியில் உள்ளது. 1554-இல் வெளிவந்த ஒரு ஸ்பானிய நாவலில் லாசரோ என்ற ஏழைச் சிறுவன் கண் தெரியாதவர் ஒருவருக்கு வழிகாட்டியாகப் போவான். அதிலிருந்து வழிகாட்டுபவருக்கே ‘லாசரில்லோ’ என்று பெயர் வந்தது. பார்வையற்றவர்களுக்கு வழிகாட்டும் நாயும் அங்கே ‘லாசரில்லோ நாய்’தான்.

பெத்தானியா லாசருவை அறிவியல்காரர்கள் 20-ஆம் நூற்றாண்டில்தான் கையில் எடுத்தார்கள். புதைபடிவங்களில் காணாமல் போய், அழிந்துவிட்டது என்று எல்லோரும் முடிவுகட்டிய பிறகு மறுபடி தலைகாட்டும் உயிரினத்துக்கு ‘லாசரஸ் இனம்’ என்று பெயர். சீலகாந்த் மீன் நல்ல உதாரணம். டைனோசர்களோடு போய்விட்டது என்று நினைத்திருந்த அது 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் வலையில் சிக்கியது. மருத்துவத்திலும் இந்தப் பெயர் இரண்டு இடத்தில் உண்டு, இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இதய இயக்க மீட்பு முயற்சியைக் கைவிட்டபின் ரத்த ஓட்டம் தானாகத் திரும்புவது ‘லாசரஸ் நிகழ்வு’. மிக அபூர்வம், ஆனால் நடந்திருக்கிறது. அதனால்தான் முயற்சியை நிறுத்தியதும் உடனே மரணத்தை அறிவிக்காமல் சில நிமிடங்கள் கவனித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். மூளைச்சாவு அடைந்தவரின் கைகள் திடீரென்று உயர்ந்து மார்பின் மேல் விழுவது ‘லாசரஸ் அறிகுறி’. பார்க்கும் உறவினர்களுக்கு உயிரே போய்விடும். ஆனால் அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல்தான், மூளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் வீட்டுப் பெரியவர்கள் தயங்கினால் எலெயாசார் என்று வையுங்கள். அதே பெயர், அதே பொருள். வீட்டில் கூப்பிட மட்டும் கொஞ்சம் நீளம்.