கண்மணியும் கறுப்புத்தானே!

கேள்வி: கல்லூரிப் பேச்சுப் போட்டியில் ‘வாளா, எழுதுகோலா?’ என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். நான் எழுதுகோல் கட்சி. பழைய அரபு உரைநடையில் பெருமை பேசுவதே தனிக்கலை என்கிறார் அத்தா. எனக்கு உதவுகிற மாதிரி அதில் ஏதாவது உண்டா?
– கல்லூரி மாணவி, மேல்விஷாரம்

பதில்: நிறையவே உண்டும்மா. ‘முஃபாகரா’ என்று அதற்குப் பெயர். உன் தலைப்பே பழசு. 11-ம் நூற்றாண்டிலேயே ஸ்பெயினில் இப்னு புர்து என்பவர் வாளையும் எழுதுகோலையும் வாதாடவிட்டு எழுதியிருக்கிறார்.

முதலில் ஓசை. வேலூரில் நான் ஓதிய காலத்தில் எங்கள் ஹஜ்ரத் (ஆசிரியர்) ஒரு பழைய மேடைப்பேச்சைச் சொல்லி, ஒவ்வொரு முடிப்புக்கும் ரேஹாலில் (குர்ஆன் வைத்து ஓதும் பலகை) விரலால் தட்டுவார். “மன் ஆஷ மாத்” – ஒரு தட்டு. “வ மன் மாத ஃபாத்” – இன்னொரு தட்டு. வாழ்ந்தவன் மாண்டான், மாண்டவன் போனான். இதுதான் ‘சஜ்உ’ என்கிற இயைபு உரைநடை, நம் அடுக்குமொழிக்கு உறவுக்காரன்.

ஓசை மட்டும் போதாது, சாட்சி வேண்டும். அதில் ஈராக்கின் பஸ்ரா நகரத்து எழுத்தாளர் ஜாஹிஸை மிஞ்ச ஆளில்லை. 9-ம் நூற்றாண்டில், வெள்ளையரைவிடக் கறுப்பருக்குள்ள பெருமை என்று ஒரு நூலே எழுதினார். வாதத்தைக் கறுப்பர் வாயாலேயே சொல்ல வைக்கிறார். மனிதனிடம் உயர்ந்தது கண்ணின் பாப்பா, அது கறுப்பு. கண் மைகளில் உயர்ந்தது சுர்மா, அதுவும் கறுப்பு. வாசனையில் கஸ்தூரியும் அம்பரும், அவையும் கறுப்பு. கவனித்தாயா? எதிராளி தினமும் கண்ணில் தீட்டுவதையும் உடம்பில் பூசுவதையுமே சாட்சிக்கு அழைக்கிறார். அவன் எப்படி மறுப்பான்? பிள்ளையைக் ‘கண்மணி’ என்று கொஞ்சிவிட்டு, பெண் பார்க்கப் போன இடத்தில் நிறம் கம்மி என்று எழுந்து வருகிறவர்களை நம் பக்கத்திலும் பார்க்கிறேன். அதனால்தான் இதை மாணவர்களிடம் விடாமல் சொல்வேன்.

அப்புறம் ‘இக்திபாஸ்’. நெருப்பிலிருந்து கங்கு எடுப்பது என்று பொருள். என் அம்மா விடியற்காலையில் பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து வறட்டியில் நெருப்பு வாங்கி வருவாரே, அதேதான். குர்ஆன் வரியை மேற்கோள் என்று அறிவிக்காமல் தன் வாக்கியத்துக்குள் வைத்துவிடுவார்கள். 68-வது அத்தியாயம் எழுதுகோல் மீது சத்தியமிட்டுத்தான் தொடங்குகிறது. உன் கட்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? தமிழ் மேடை என்பதால் குறளிலிருந்தும் கங்கு எடுக்கலாம்.

வாள் கட்சி கட்டாயம் நம் வேலூர்க் கோட்டையைக் கொண்டுவரும். வரட்டும், அதையே உன் சாட்சியாக்கு. 1806 ஜூலை 10-ல் சிப்பாய்கள் அங்கே எழுந்த கதை, எழுதி வைக்காமல் இருந்திருந்தால் நம்மிடம் வந்து சேர்ந்திருக்குமா என்று கேள்.